வகுப்பில் பேசப்போகும் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கிறேன். அல்சூர், விவேக் நகர் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "வீட்ல வாய் ஓயாது மேடம். கிளாஸ்ல மூணு நிமிஷம் பேசச் சொன்னா பாதியில நின்னுடுறான்." நான் முதலில் கேட்பது, பேச்சை எழுதியது யார் என்றுதான். பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் இணையம்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கோலார் தங்கவயலைப் பற்றி இரண்டு பக்கத் தாளோடு வந்தாள். சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், 2001இல் சுரங்கம் மூடல் என்று எல்லாத் தகவலும் இருந்தது. ஒரு வரி மறந்ததும் அடுத்த வரியும் வரவில்லை. வரிகளுக்குள் தொடர்பே இல்லையே, எப்படி வரும்? தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "இதுல உனக்கு எது ஆச்சரியமா இருந்துச்சு?" என்றேன். "பெங்களூருக்கு முன்னாடியே தங்கவயலுக்குக் கரண்ட் வந்துடுச்சாம் ஆன்ட்டி!" என்றாள். சரி, பேச்சு கிடைத்துவிட்டது.

சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல், 140 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த தங்கவயலுக்குப் போனது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். ஏன் சுரங்கம் முந்தியது? தண்ணீரை இறைக்க, ஆளையும் கல்லையும் மேலே தூக்க, தாதுவை நொறுக்க இரவு பகலாக சக்தி வேண்டும். அதற்குப் பணம் கொடுக்கக் கம்பெனியும் தயாராக இருந்தது. இந்த 'ஏன்' கையில் இருந்தால், சொல் மறந்தாலும் அடுத்த விஷயம் தானாக வரும். அவள் அட்டையில் எழுதிக்கொண்டது ஒரே வரி: சிவசமுத்திரம் 1902, சுரங்கத்துக்கு ஏன், பெங்களூர் 1905. சுரங்கம் மூடிய கதையை விட்டுவிட்டோம். மூன்று நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் நானூறு சொல்லே அதிகம்.

ஆழத்தை மட்டும் விட மனமில்லை அவளுக்கு. ஆனால் வெறும் எண் காதில் நிற்காது. கடல்மட்டத்திலிருந்து நந்தி மலை உச்சி 1,478 மீட்டர். "நந்தி ஹில்ஸ் மாதிரி ரெண்டு மடங்கு ஆழம்" என்றால் கடைசி பெஞ்சும் நிமிரும். பாட்டி தங்கவயல்காரர் என்றால் அவர் சொன்னதையும் சேர்க்கலாம், 'பாட்டி சொன்னது' என்று சொல்லியே.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம்: பேச்சு என்றாலே பேச்சுப்போட்டி. அவையோருக்கு வணக்கம், அடுக்குமொழி, முடிவில் "ஆகவே நண்பர்களே" என்று அறிவுரை. தகவல் சொல்லும் பேச்சில் இதெல்லாம் நேரத்தைத்தான் தின்னும்.

முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யட்டும். மற்றதை நின்றுகொண்டு, வாய்விட்டு, ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் சொல்லிப் பார்க்கட்டும். போனில் டைமர் ஓடட்டும். நடுவில் திருத்தாதீர்கள்; எனக்கே இது கஷ்டம்தான். வாய் உலர்வதும் கை நடுங்குவதும் பதற்றத்தில் எல்லோருக்கும் வரும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, மூச்சை மெதுவாக விட்டுத் தொடங்கினால் போதும்.

ஆனால் வீட்டிலும் விளையாட்டிலும்கூட முதல் எழுத்திலேயே சிக்கி, "க-க-க" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, முகம் இறுகினால் அதை மேடைப் பயம் என்று விட்டுவிடாதீர்கள். அது திக்குவாயாக இருக்கலாம். பக்கத்தில் உள்ள ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். மைசூரில் இதற்கென்றே மத்திய அரசின் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. அதற்குள் பேச்சு நாள் வந்துவிட்டால், பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு, நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும்படி டீச்சரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.