சிக்கன வாசகத்துக்கு முன், தொட்டி வால்வைப் பாருங்கள்

மேல்நிலைத் தொட்டியின் தூணில் ‘குடிநீரை வீணாக்காதீர்’ என்று எழுதியிருக்கும். மேலே தொட்டி நிரம்பித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும். ஊராட்சி தன் குழாயைச் சரிசெய்யாதவரை அந்த வாசகத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

எவ்வளவு கசிகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 60,000 லிட்டர் தொட்டியின் உள்விட்டம் 5 மீட்டர் என்றால், மட்டம் 1 செ.மீ. இறங்கினால் ஏறத்தாழ 200 லிட்டர் போயிருக்கிறது. வீட்டுக் குழாய்களை மூடி வைக்கும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரவு 12 மணிக்குள் தொட்டியை நிரப்பி மோட்டாரை நிறுத்துங்கள். ஊருக்குப் போகும் வால்வை மூடி ஒரு மணி நேரம் பாருங்கள். அப்போதே மட்டம் இறங்கினால் அந்த வால்வோ, தொட்டி கழுவும் குழாயின் வால்வோ, சுவரோ கசிகிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பிறகு ஊருக்குப் போகும் வால்வைத் திறங்கள். குழாய்கள் நிரம்பும் முதல் அரை மணி நேரத்தை விட்டுவிடுங்கள். அதன்பின் மணிக்கு 3 செ.மீ. இறங்கினால் 600 லிட்டர் மண்ணுக்குள் போகிறது. பெரிய உடைப்பாக இருக்க வேண்டியதில்லை. 10 மீட்டர் உயர அழுத்தத்தில் 3 மி.மீ. துளைகள் மூன்று இருந்தாலே போதும். தினம் 4 மணி நேரம் விநியோகித்தால் 2,400 லிட்டர். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்றால், நான்கு பேர் கொண்ட 11 வீடுகளின் பங்கு ஏறக்குறைய அவ்வளவுதான்.

கடைக்கோடித் தெருவிலிருந்து வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வாருங்கள். எந்தத் தெருவை மூடியதும் இறக்கம் சட்டென்று குறைகிறதோ, அங்கே தோண்டுங்கள்.

பெரும்பாலும் வீட்டு இணைப்பின் சேடிலில்தான், அதாவது வீட்டுக் குழாயை இணைக்கத் தெருக்குழாயைச் சுற்றிப் போல்ட் போட்டு மாட்டும் கவ்வியில்தான், கோளாறு இருக்கும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பிவிசி குழாயைத் துளைத்திருப்பார்கள்; துளையின் விளிம்பு கோணலாகி ரப்பர் சரியாக உட்காராது. போல்ட்டை ஒரு பக்கமே முறுக்கியிருந்தாலும் இதே கதிதான். அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றுவது பழுது பார்ப்பதாகாது. விநியோகம் நின்றதும் குழாயில் அழுத்தம் போய், அதே துளை வழியே சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். டிரில்லால் துளையிட்டு, புதுச் சேடில் வைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்குங்கள். குழாய்க்கு அடியில் கல் இல்லாமல் 10 செ.மீ. மணல் போடுங்கள். தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகே குழியை மூடுங்கள்.

தொட்டி வழிவதைத் தடுக்க, நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச் போதும். மணிக்கு 10,000 லிட்டர் ஏற்றும் மோட்டார் கால் மணி நேரம் கூடுதலாக ஓடினால் 2,500 லிட்டர் வீண். அதற்கான மின்சாரமும் தண்டம்: 1,000 லிட்டரை 100 மீட்டர் ஏற்ற, பம்பின் திறன் 50 சதவீதம் என்றால், அரை யூனிட்டுக்கு மேல் ஆகும்.

தண்ணீர் வரும் நேரம் தெரியாத தெருவில் குழாயைத் திறந்தே வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தெருவாரியாக நேரத்தைத் தொட்டியடியிலேயே எழுதிப் போடுங்கள். மின்தடையால் தள்ளிப்போனால் தொட்டி இயக்குபவர் தெரு வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.