‘குடிமக்கள் பாதுகாப்புப் படை’ என்னும் பிழைப்பெயர்

1930களின் அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்து இளைஞர் முகாம்களின் பாடல்களையும் கதைகளையும் தமிழில் அறிமுகப்படுத்துவோர், ‘சிவிலியன் கன்சர்வேஷன் கோர்’ (Civilian Conservation Corps, சுருக்கமாகச் சி.சி.சி.) என்னும் பெயரைக் ‘குடிமக்கள் பாதுகாப்புப் படை’ என்று எழுதிவிடுகின்றனர். படிப்பவர் அதனை விமானத் தாக்குதலிலிருந்து ஊரைக் காத்த கூட்டம் என்று எண்ணினால் பிழை அவருடையதன்று.

வேலையற்ற இளைஞர்க்காக 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கி 1942 வரை நடந்த அத்திட்டத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மரம் நட்டனர், மண்ணரிப்பைத் தடுத்தனர், காட்டுத்தீயை அணைத்தனர். மாத ஊதியம் 30 டாலர். பெரும்பாலோர்க்கு அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும்.

‘கன்சர்வேஷன்’ காத்துவைத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது; ‘கோர்’ உடலைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் பிரெஞ்சு வடிவம். இன்றைய தமிழிலோ ‘பாதுகாப்பு’ என்றதும் அமைச்சகமும் எல்லையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஏரியையும் காட்டையும் கெடாமல் வைத்திருப்பதற்குப் ‘பேணல்’ இருக்கிறது.

‘படை’க்கு வாதாடுவோர், ‘தேசிய மாணவர் படை’ இல்லையா, முகாம்களை நடத்தியது இராணுவந்தானே, அவர்களை ‘ரூஸ்வெல்ட்டின் மரப்படை’ என்று அந்நாட்டாரே அழைத்தனரே என்பர். மாணவர் படையில் துப்பாக்கிப் பயிற்சி உண்டு. இம்முகாம்களில் படைக்கலப் பயிற்சி இல்லை. ‘மரப்படை’ செல்லப்பெயர், அதைக் கொண்டு முறையான பெயரை அமைக்கலாகாது. இராணுவ நிர்வாகம் இருந்தும் இவர்கள் படையினர் அல்லர் என்று காட்டத்தான் ‘சிவிலியன்’ பெயரிலேயே நின்றது. சொல்லுக்குச் சொல் வைப்பதே நேர்மை எனில் ‘படைசாராப் படை’ என்றல்லவா எழுத வேண்டும்? முகாம் சாப்பாட்டைக் குறைகூறி, வீட்டை நினைத்து ஏங்கி, தம்மைச் ‘சி.சி.சி. பையன்கள்’ என்று சொல்லிக்கொண்டவர்களின் பாட்டு இம்மொழிபெயர்ப்பால் போர்வீரன் பாட்டாகிவிடுகிறது.

‘இயற்கைவளப் பேணற்பணி அணி’ என்பதே என் தெரிவு. ‘அணி’யில் போர்வாடை குறைவாதலால் ‘சிவிலியன்’ என்பதைத் தனியே பெயர்க்க வேண்டியதில்லை.

அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடும் இவ்வழக்கத்துக்கு எதிர்முனையில், தூய்மை கருதி முகாமைப் ‘பாசறை’ ஆக்குவோரும் உளர். நெடுநல்வாடையில் அரசன் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் இடம் பாசறை. மரக்கன்று நட்டுவிட்டு வந்து உறங்கிய பையன்களின் கொட்டகைகளுக்கு, அரபு மூலத்ததாயினும், எல்லோர்க்கும் விளங்கும் ‘முகாம்’ போதும்.