எழுதப்படாத ஆய்வுகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

"கொரோனா காலத்தில் லட்சக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் வந்தன என்கிறார்களே, அவற்றை யாராவது முழுக்கப் படித்திருப்பார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். யாராலும் முடியாது. கொரோனா வைரஸ்கள் பற்றிய கட்டுரைகளைக் கணினி படிக்க வசதியாகத் தொகுத்த கார்ட்-19 என்ற தொகுப்பு, 2020 மார்ச்சில் முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கட்டுரைகளோடு தொடங்கியது. 2022 ஜூனில் அதன் கடைசிப் பதிப்பு வெளியானபோது எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகமோ லிட்கோவிட் என்ற தளத்தில் பரவல், நோயறிதல், சிகிச்சை, தடுப்பு முதலான எட்டுத் தலைப்புகளில் கட்டுரைகளைப் பிரித்து வைத்தது.

பிரித்தாயிற்று, சரி. எங்கே கூட்டம், எங்கே ஆளில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு வரைபடம் வேண்டும். அந்த வரைபடம் உருவாகும் விதம் எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம்.

கணினிக்கு மருத்துவம் தெரியாது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று மட்டும் எண்ணும். ஆனால் வெறுமனே எண்ணினால் ஏமாந்துபோவோம். பத்தாயிரம் கட்டுரைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "காய்ச்சல்" 4,000 கட்டுரைகளில் வருகிறது, "வாசனை" 200-இல், "சுவை" 150-இல். வாசனையும் காய்ச்சலும் 90 கட்டுரைகளில் சேர்ந்து வருகின்றன, வாசனையும் சுவையும் 120-இல். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிகிறதா? இப்போது தற்செயலாகவே எத்தனை முறை சேர்ந்திருக்கும் என்று கணக்கிடுங்கள். காய்ச்சல் பத்தில் நான்கு கட்டுரைகளில் இருப்பதால், 200 வாசனைக் கட்டுரைகளில் 80-இல் அது சும்மாவே வந்திருக்கும். ஆக 90 என்பது பெரிய செய்தியில்லை. சுவை தற்செயலாக வந்திருக்க வேண்டியது 3 கட்டுரைகளில்தான். வந்ததோ 120. நாற்பது மடங்கு! இந்த ஒரு வகுத்தலில் எல்லா இடத்திலும் தலைகாட்டும் பொதுச்சொற்கள் பின்னுக்குப் போகின்றன, உண்மையான உறவு முன்னுக்கு வருகிறது.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான விஓஎஸ்வியூவர் மென்பொருள் செய்வது இதைத்தான். உறவு வலுவான சொற்களைப் பக்கத்தில் இழுக்கிறது. எல்லாம் ஒரே புள்ளியில் போய் விழாதபடி, சொற்களுக்கிடையிலான சராசரி தூரத்தை மாறாமல் வைக்கிறது. அவ்வளவே விதி. அப்புறம் பார்த்தால் தடுப்பூசி ஒரு பக்கம், நுரையீரல் ஸ்கேன் ஒரு பக்கம், ஊரடங்கும் மனச்சோர்வும் இன்னொரு பக்கம் என்று தீவுகள் தாமாகத் திரண்டு நிற்கும். மாதவாரியாக நிறம் கொடுத்தால் ஆய்வு எந்தத் திசையில் நகர்ந்தது என்பதும் தெரியும்.

ஆனால் இந்தப் படத்தில் உள்ள வெற்றிடத்தை இடைவெளி என்று நம்பிவிடக் கூடாது. எழுதப்படாத கட்டுரையில் எண்ணுவதற்குச் சொல் ஏது? வகுப்புக்கு யார் வரவில்லை என்று சொல்ல வருகைப் பதிவேடு கையில் வேண்டும். அதேபோல ஆய்வுக்கும் கேள்விகளின் பட்டியல் முன்கூட்டியே வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 பிப்ரவரியில் ஜெனீவாவில் விஞ்ஞானிகளைக் கூட்டி அப்படியொரு முன்னுரிமைப் பட்டியலைத் தயாரித்தது. நிதி பெற்ற ஆய்வுத் திட்டங்களை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையும் நடந்தது. இப்படி ஒப்பிடுவதற்கு எளிய வழி கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை வரைவது. வரிசைகளில் யாருக்கு, பத்திகளில் என்ன கேள்வி. ஒவ்வொரு ஆய்வையும் அதற்குரிய கட்டத்தில் போட வேண்டும்.

போட்டால் மனம் கசக்கிறது. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு மட்டும் உலகெங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் பதிவாயின. மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு அதனால் பலனில்லை என்று 2020 ஜூனில் தெளிவாகச் சொன்னது பிரிட்டனின் ரெக்கவரி என்ற ஒரே பெரிய சோதனை. பல சிறிய சோதனைகளில், கேள்விக்கு விடை காணும் அளவுக்கு நோயாளிகளே சேரவில்லை. கர்ப்பிணிகளின் வரிசையில் தடுப்பூசிக் கட்டமோ காலி. தடுப்பூசிகளின் முதல் பெரிய சோதனைகளில் அவர்களைச் சேர்க்கவில்லை. இந்தியாவில் 2021 ஜனவரி 16-இல் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள், கர்ப்பிணிகளுக்கு அனுமதி வந்தது ஜூலையில். இரண்டாம் அலை முழுவதையும் அவர்கள் தடுப்பூசி இல்லாமலே கடந்தார்கள்.

நிரம்பிய கட்டம் ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் களப் பணியாளர்கள் தேடிப் பிடித்த தகவல்களை வைத்து, தொற்று உறுதியான 84,965 பேரையும் அவர்களோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேரையும் ஆராய்ந்த கட்டுரை 2020-இல் சயின்ஸ் இதழில் வந்தது. தொற்றாளர்களில் சுமார் 70 சதவீதத்தினரிடமிருந்து, தேடிப் பிடித்த தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை என்று அது காட்டியது. பரவலுக்குக் காரணம் சிலரே என்பதற்கு இவ்வளவு பெரிய தரவு அதுவரை வந்ததில்லை.

தரவு இருந்தால் நம்மவர்களால் முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனாலும் 2021 ஏப்ரலில் நாட்டின் விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கானோர் கொரோனா பரிசோதனைத் தரவுகளைத் திறந்துவிடும்படி பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆய்வுக்கு நாடு செலவிடுவது மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்தப் பணம் கூட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெயரும் முகவரியும் நீக்கிய தரவை ஆய்வாளர்களுக்குக் கொடுக்க அதைவிட மிகக் குறைவான பணமே போதும்.