நாலு மடிப்புத் துணியில் வடித்தால் எண்ணெய் சுத்தமாகாது

“நாலு மடிப்புத் துணியில வடிச்சனான் சேர்.”

இந்த வசனத்தை அந்தத் தம்பி ஆஸ்பத்திரி வாசலில் நின்று என்னிடம் ஆறேழு தடவை சொல்லியிருப்பார். உள்ளே அவருடைய மனைவி. வலது கை முழங்கை வரை, கழுத்தின் ஒரு பக்கம், காது மடல், எல்லாம் தீக்காயம். மின்சாரம் நின்றதும் லாம்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார். மண்ணெண்ணெய் என்றுதான் அவர் நினைத்தார், கானில் அப்படித்தான் எழுதியும் இருந்தது.

நடந்தது இதுதான். தம்பிக்குத் திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம் ஒரு சின்னப் போட். எங்கள் கரையில் ஓடும் பல வெளியிணைப்பு எஞ்சின்களைப் போல அவருடையதும் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுகிற எஞ்சின். ஆகவே வீட்டில் எப்போதும் இரண்டு கான் இருக்கும். ஒரு நாள் விடியப்புறம் இருட்டில் மீந்த பெற்றோலை மண்ணெண்ணெய்க் கானுக்குள் ஊற்றிவிட்டார். ஊற்றியதும் தெரிந்துவிட்டது. ஐந்து லீற்றரை வீணாக்க மனம் வரவில்லை. போனில் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து, புனலில் பஞ்சு வைத்து, மேலே இடித்த கரி போட்டு, துணியை நாலாய் மடித்துக் கட்டி வடித்திருக்கிறார். தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்ததாம். வாசனையும் குறைந்ததாம். அதைக் கழுவிய கானில் விட்டு, மண்ணெண்ணெய் என்று எழுதி, குசினிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பொறுப்பில்லாத மனிதர் அல்ல. தன்னால் முடிந்த அளவு கவனமாகத்தான் செய்திருக்கிறார். அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நான் 17 வருடம் வளைகுடாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்தவன். டீசலில் இருந்து கந்தகம் எடுக்கும் பிரிவு. ஊருக்குத் திரும்பியதிலிருந்து போத்தலோடு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. எஞ்சின் இடிக்கிறது, பிளக் கறுக்கிறது, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் சேர் என்று வருவார்கள். அவர்களில் அரைவாசிப் பேர் என்னிடம் வர முன்னமே வடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். சேலைத் துணி, பனியன், பஞ்சு, கரி, படிகாரம், ஒருவர் பற்றரி அசிட் கூட. இந்த வருடத்தில் வடித்த எண்ணெயால் தீப்பட்டது எனக்குத் தெரிய இது மூன்றாவது. இனிப் பொறுக்க முடியாது, எழுதுகிறேன்.

வடித்தால் போகிறவை எவை? மண், துரு, கானின் அடியில் உதிர்ந்த பிளாஸ்டிக் தூள், பூச்சி. தண்ணீரை எடுக்க வடிக்கக்கூடத் தேவையில்லை. பெற்றோலைவிடத் தண்ணீர் பாரமானது, ஒரு இரவு அசையாமல் வைத்தால் தானே அடியில் போய் நிற்கும், மேலே உள்ளதை மெதுவாக எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு துணியிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

பெற்றோலும் மண்ணெண்ணெயும் கலந்தால் அது மண்ணும் தண்ணீரும் மாதிரிக் கலப்பதில்லை. தேத்தண்ணியில் சீனியைக் கரைத்துவிட்டு, அதை வடிதட்டில் ஊற்றினால் இனிப்பு வடிதட்டில் தங்குமா? நாலு வடிதட்டை அடுக்கினால் தங்குமா? தேயிலைத் தூள் தங்கும், சீனி கீழே போய்விடும். அப்படித்தான் இதுவும். இரண்டுமே ஒரே குடும்பத்துத் திரவங்கள், ஒன்றுக்குள் ஒன்று முழுதாகக் கரைந்துவிடும், அந்தக் கரைசல் முழுவதும் துணியின் இழைகளுக்கிடையால் அப்படியே இறங்கிப் போகும். துணியை நாலாய் மடித்தாலும் நாற்பதாய் மடித்தாலும் இதில் மாற்றமில்லை. கரி என்ன செய்யும் என்றால், நிறத்தையும் வாசனையையும் கொஞ்சம் பிடித்து வைக்கும். நிறம் போனதும் மனிதர்கள் அழுக்குப் போய்விட்டது என்று நம்பிவிடுகிறார்கள். பெற்றோல் அப்படியே உள்ளே இருக்கிறது, இருக்கிறதைக் காட்டித்தந்த வாசனைதான் குறைந்துபோனது. வடிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பெண்பிள்ளை மூடியைத் திறந்ததும் மூக்கால் கண்டுபிடித்திருக்கும்.

தீயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயில் இருந்து தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி எழுவதற்கு அது குறைந்தது 38 பாகை செல்சியசாவது சூடாக வேண்டும் என்பது தரக்கணக்கு. பெற்றோலுக்கு அது சுழியத்துக்குக் கீழே 40 பாகை. மண்ணெண்ணெயில் நூற்றுக்குச் சில பங்கு பெற்றோல் சேர்ந்தாலே போதும், வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெப்பத்திலேயே ஆவி எழத் தொடங்கிவிடும். தொழிலில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துப் பயப்படுவார்கள். பெற்றோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருக்கும்போதுதான் வெடிக்கும். முழுப் பெற்றோல் உள்ள மூடிய பாத்திரத்தில் ஆவி அந்த அளவைத் தாண்டிச் செறிந்து கிடக்கும். கொஞ்சம் பெற்றோல் கலந்த மண்ணெண்ணெய் உள்ள லாம்பிலோ, அந்த ஆவி சரியாக அந்த இடைவெளிக்குள் வந்து நிற்கலாம். திரியில் நெருப்பு, கீழே வெடிக்கத் தயாராக இருக்கும் காற்று. கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த கானில் நல்ல மண்ணெண்ணெயே அந்த 38 பாகைக்குப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் இன்னொரு கதையும் உண்டு. “சீனக்குடாவில எங்கட கண்ணுக்கு முன்னால சுத்திகரிக்கிறாங்கள், அப்பிடிப் பெரிய வேலையெண்டில்லை” என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். ஐயா, சீனக்குடாவில் இருப்பவை தாங்கிகள். வெள்ளைக்காரன் கடற்படைக்காகக் கட்டியவை, இன்று 99 இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட வந்த துறைமுகம் இது என்பதில் அந்த எண்ணெய்க்கும் பங்குண்டு. ஆனால் அந்தத் தாங்கிகளுக்குள் எண்ணெய் சும்மா கிடக்கிறது. சுத்திகரிப்பு ஆலை என்று நாட்டில் இயங்குவது சப்புகஸ்கந்தையில், 1969இல் தொடங்கியது, நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் அளவு. தாங்கிக்கும் ஆலைக்கும் உள்ள வித்தியாசம், நெல் மூட்டை அடுக்கிய களஞ்சியத்துக்கும் அரிசி ஆலைக்கும் உள்ளதைவிடப் பெரிது.

ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று ஒன்றை மட்டும் சொல்கிறேன், நான் கையால் தொட்ட விஷயம் என்பதால். கந்தகம் டீசலில் மிதக்கிற தூள் அல்ல. மூலக்கூறுக்குள்ளே கரிமத்தோடு பிணைந்து உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க அந்தப் பிணைப்பை உடைக்க வேண்டும். டீசலை ஐதரசனோடு சேர்த்து 300 முதல் 400 பாகை வரை சூடாக்கி, காற்றழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்கு அழுத்தத்தில், ஊக்கி நிரப்பிய உருக்கு உலைக்குள் அனுப்புவோம். ஊக்கி என்பது வேதிமாற்றத்தை விரைவாக்கும் பொருள், எங்களுடையது அலுமினா மேல் கோபால்ட்டும் மொலிப்டினமும் ஏற்றிய சின்னச் சின்னக் குச்சிகள். புதிதாக வரும்போது நீலம் பாரித்திருக்கும், நறுக்கிய சேமியாவுக்கு நீலம் போட்டது மாதிரி. முதல் தடவை கையில் எடுத்துப் பார்த்தபோது, இத்துணூண்டுப் பொருளா இவ்வளவு வேலை செய்கிறது என்று எனக்கு நம்ப முடியவில்லை. கந்தகம் ஐதரசனைப் பிடித்துக்கொண்டு வாயுவாக வெளியேறும், அது அழுகிய முட்டை நாறும் நச்சு வாயு. செறிவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாது, ஆள் விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். அதை இன்னொரு பிரிவில் பிடித்து மஞ்சள் கந்தகமாக்குவார்கள்.

ஊக்கிக்கும் ஆயுள் உண்டு. கரி படிந்து, உலோகங்கள் படிந்து களைத்துவிடும். அப்போது அதை அள்ள வேண்டும். உலைக்குள் நைதரசன் நிரப்பி, வெளியிலிருந்து குழாய் வழியாக மூச்சுக் காற்று எடுத்துக்கொண்டு ஆட்கள் இறங்குவார்கள். ஏன் நைதரசன் என்றால், பாவித்த ஊக்கியில் காற்றுப் பட்டால் தானே சூடாகிவிடும். ஒரு தடவை பீப்பாய் மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு கைப்பிடி அளவு தரையில் கொட்டிவிட்டது. யாரும் தொடவில்லை, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கறுப்புக் குவியல் முதலில் மெல்லப் புகைந்து, பிறகு நடுவில் சிவந்தது. எல்லாப் பாதுகாப்பும் உள்ள இடத்திலேயே அப்படி. இதைச் சொல்வது, சுத்திகரிப்பு என்ற சொல்லைப் புனலுக்கும் பஞ்சுக்கும் பாவிக்காதீர்கள் என்பதற்காக.

சரி, இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும். “அப்ப காய்ச்சி வடிச்சா சேர்? கசிப்புக் காய்ச்சிறாங்கள்தானே.” தயவுசெய்து வேண்டாம். வேண்டவே வேண்டாம். பெற்றோலின் பகுதிகள் 30 பாகையிலிருந்து 200 வரை கொதிக்கும், மண்ணெண்ணெய் 150இலிருந்து 300 வரை. இரண்டும் நடுவில் ஒன்றோடொன்று படிகின்றன, வீட்டுப் பானையில் ஒருபோதும் சுத்தமாகப் பிரியாது. பிரிவதற்கு முன்னமே ஆவி கசியும். காற்றைவிடப் பாரமான ஆவி அது, தரையோடு ஊர்ந்து போய் அடுப்பைத் தேடிக்கொள்ளும். கறுத்த எஞ்சின் ஒயிலைக் காய்ச்சி டீசல் எடுக்கிறேன் என்பவர்களுக்கும் இதேதான். பற்றரி அசிட் ஊற்றி ஒயிலை வெளுக்க வைக்கிறவர்களே, வெளுத்த ஒயிலுக்கு அடியில் தார் மாதிரி நிற்கிற அசிட் கசடை எங்கே ஊற்றுகிறீர்கள்? கிணற்றடியிலா, கடலிலா?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா, ஷெட்டில் இரண்டுமே இல்லை. ஓட்டோக்காரர் கலந்தார், மோட்டார்சைக்கிள்காரர் கலந்தார், வேறு வழி இல்லாமல்தான் கலந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஓகஸ்டிலேயே மண்ணெண்ணெய் 340 ஆகிவிட்டது. அந்த எண்ணெய் வரிசைகள் போய் வருடக்கணக்காகிறது. கலக்கிற கையும் வடிக்கிற கையும் மட்டும் நிற்கவில்லை.

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கலப்படப் பெற்றோல் சரியாக எரியாமல் புகைக்குழாய்க்குப் போய், அங்குள்ள ஊக்கிப் பெட்டிக்குள் எரியும். தேன்கூடு மாதிரியான பீங்கான் அது, பிளாற்றினம், பலேடியம், ரோடியம் பூசியது. அளவு மீறிச் சூடானால் உருகி அடைத்துக்கொள்ளும். உடனே கராஜில் “வெட்டி எடுத்தா மைலேஜ் கூடும்” என்பார்கள். எடுத்த பெட்டிக்கு நல்ல விலை இருக்கிறது, அதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். ஈயம் அந்தப் பூச்சைக் கொன்றுவிடும் என்பதும் சேர்த்துத்தான் 2002இல் இங்கே ஈயப் பெற்றோலை நிறுத்தினார்கள். அப்படிக் காத்த ஒன்றை வாளால் அறுக்காதீர்கள்.

இனி, செய்ய வேண்டியது. பெற்றோல் கானும் மண்ணெண்ணெய்க் கானும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. எழுதி வைத்தேன் என்பது போதாது, விடியப்புறம் மூன்று மணிக்கு யார் எழுத்தைப் பார்க்கப் போகிறீர்கள்? பெற்றோல் கானின் கைப்பிடியில் நைலோன் கயிற்றை முடிச்சுப் போட்டுச் சுற்றுங்கள், இருட்டில் கை வைத்ததும் தெரியட்டும். பெற்றோலை வீட்டுக்குள் வைக்க வேண்டாம். சோடாப் போத்தலில் எதையுமே வைக்க வேண்டாம், தாகத்தில் ஓடிவரும் பிள்ளை அதைக் குடிக்கும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போகும், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். அதே காரணத்துக்காகக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவதையும் விடுங்கள். எரிகிற லாம்புக்கு எண்ணெய் விடாதீர்கள். குப்பி லாம்பு பாவிப்பதென்றால் குட்டையாக, அகலமாக, திருகு மூடியோடு உள்ளதைப் பாவியுங்கள். குப்பி லாம்பால் எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் பொறுக்காமல் வைத்தியர் விஜய கொடகும்புர அப்படி ஒன்றை வடிவமைத்தார், 1998இல் ரோலக்ஸ் விருதும் கிடைத்தது. விழுந்தாலும் உருளாது, உருண்டாலும் கொட்டாது. தீப்பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, நெய், மை ஒன்றும் வேண்டாம்.

ஷெட்டில் வாங்கிய எண்ணெயில் சந்தேகம் என்றால் வடித்துவிட்டு வந்து முறைப்பாடு செய்யாதீர்கள். பற்றுச்சீட்டோடு, தொடாத எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் கொண்டு போய் அடர்த்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அந்தத் தங்கச்சிக்கு இரண்டு தடவை தோல் வைத்தாகிவிட்டது, விரல்களை மடக்கப் பழக்குகிறார்கள். தம்பி போன கிழமை மீதி நாலு லீற்றரையும் இரும்புக் கானில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எங்கே கொடுப்பது என்று கேட்கத்தான் வந்தார். போகும்போது வாசலில் நின்று, “இதை ஒரு மாதிரியும் திருப்பி எடுக்க ஏலாதா சேர், நீங்கள் ஆலையில இருந்தனீங்கள்தானே” என்றார். ஏலாது என்றேன். கானை வாங்கி நிழலில் வைத்து, மூடியை இறுக்கி, மேலே பெயின்டால் பெற்றோல் என்று எழுதினேன்.