கடலின் முதல் முந்நூறு மீட்டர்: அரை அயர்ன்மேனுக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு மருத்துவர் எழுதுவது

போன வருடம் ஆகஸ்டில் ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். 43 வயது, ஐடி வேலை, கோவா அயர்ன்மேன் 70.3 போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்கிற டிரையத்லானின் அரை தூர வடிவம் அது, அரை அயர்ன்மேன் என்பார்கள். வாரத்தில் மூன்று நாள் நீச்சல் குளத்தில் இரண்டு கிலோமீட்டர், ஞாயிறு விடிகாலை ஈசிஆரில் மகாபலிபுரம் வரை சைக்கிள், ஏற்கெனவே நான்கு அரை மாரத்தான் ஓடியவர். உடல் தகுதிச் சான்றிதழில் ஒரு கையெழுத்து மட்டும் போதும் என்றார். கடலில் இதுவரை எத்தனை முறை நீந்தியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இன்னும் இல்லை டாக்டர், அங்கே போய்ப் பார்த்துக்கலாம்."

இரத்த அழுத்தம் பார்த்தேன், 152/96. இரண்டு வருடமாக இப்படித்தான் இருக்கிறது என்று அவருக்கே தெரியும், ஓடுகிறவனுக்கு மாத்திரை எதற்கு என்று விட்டுவிட்டாராம். அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. அவருக்குக் கோபம் வந்தது, அது நியாயம்தான், எட்டு மாத உழைப்பு. ஆனால் இப்படி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், எல்லோரிடமும் ஒரே இடத்தில்தான் ஓட்டை, கடல் நீச்சலில், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அரை தூர டிரையத்லான் என்றால் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம், நடுவில் ஓய்வு கிடையாது. மூன்றையும் மைலில் கூட்டினால் வருவதுதான் 70.3. 2018-இல் கொழும்பிலும் 2019-இல் கோவாவிலும் இந்தப் போட்டி தொடங்கியதிலிருந்து சென்னை, கோவை, மதுரையிலிருந்தெல்லாம் ஆட்கள் கிளம்புகிறார்கள். நேரக் கணக்கில் நீச்சல்தான் மிகச் சிறியது, பெரும்பாலானவர்களுக்கு நாற்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனாலேயே சைக்கிளுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிற மனிதர் கடலுக்கு என்று இரண்டு நாள்கூட ஒதுக்குவதில்லை.

ஆனால் உயிர் போவது அங்கேதான். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்களை ஆராய்ந்தவர்கள், போட்டியின்போது இறந்தவர்களும் இதயம் நின்று காப்பாற்றப்பட்டவர்களுமாக 135 பேரைக் கணக்கெடுத்தார்கள். அதில் 90 பேருக்கு அது நீச்சலில் நடந்தது. பெரும்பாலும் ஆண்கள், சராசரி வயது 47-ஐ ஒட்டி. பிரேதப் பரிசோதனை விவரம் கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு இதயத்திலோ இரத்தக் குழாயிலோ ஏற்கெனவே கோளாறு இருந்திருக்கிறது. போட்டியில் கலந்துகொண்டவர்கள் தொண்ணூறு லட்சத்துக்கும் மேல், அந்தக் கணக்கில் இது அரிதானதுதான். அதற்காகத் தெரிந்தே உயர் இரத்த அழுத்தத்தோடு கடலில் இறங்கலாம் என்று ஆகிவிடாது. நம் ஊர்க்காரர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருடம் முன்னாலேயே வருகிறது. நாற்பதைத் தாண்டியவர்கள் பெயர் கொடுப்பதற்கு முன்பே இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி எல்லாம் பாருங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் இதய நோய் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எக்கோ (இதய ஸ்கேன்), டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும், டிரெட்மில் நன்றாக வந்துவிட்டது என்பதற்காக ஓடும்போது நெஞ்சு இறுக்குவதை அலட்சியம் செய்யாதீர்கள்.

சரி, குளத்தில் இரண்டு கிலோமீட்டர் நீந்துகிறவர் கடலில் ஏன் திணறுகிறார்? 25 மீட்டர் குளத்தில் 1.9 கிலோமீட்டர் என்பது 76 நீளம். ஒவ்வொரு முனையிலும் சுவரை உதைத்துக் கிளம்புகிறோம், அந்த உதையில் சில மீட்டர் இலவசம், ஒரு நொடி மூச்சும் கிடைக்கிறது. அடியில் கறுப்புக் கோடு, பக்கத்தில் கயிறு, நின்றால் கால் எட்டும். கோவாவில் மிராமர் கடற்கரையில் இறங்கினால் மாண்டவி ஆறு கலக்கிற இடம், கலங்கல் தண்ணீர், நீட்டிய கையே சரியாகத் தெரியாது. சுற்றிலும் ஆட்கள், யாரோ காலைப் பிடிப்பார்கள், யாருடைய முழங்கையாவது கண்ணாடியில் இடிக்கும், வாயைத் திறக்கிற நேரம் பார்த்து அலை உள்ளே வரும். முதல் இருநூறு முந்நூறு மீட்டரில்தான் பயம் பிடிக்கிறது. பயந்தவர் மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பாரே தவிர முழுதாக வெளியே விடமாட்டார், அடுத்த மூச்சுக்கு இடமே இருக்காது. நெஞ்சை யாரோ கட்டிவிட்டதுபோல் இருந்தது என்று பலர் என்னிடம் ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு மருந்து, மல்லாந்து மிதப்பது. கடல் தண்ணீர் உங்களைத் தூக்கும், நம்பிப் படுங்கள், வாயால் நீளமாக ஊதி மூச்சை வெளியே விடுங்கள், பத்து முறை. அடங்கவில்லை என்றால் கையை உயர்த்துங்கள், காவலுக்கு நிற்கிற கயாக் (சிறு துடுப்புப் படகு) வரும். கயாக்கைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம், அதை வைத்து முன்னால் நகராதவரை தகுதி நீக்கம் கிடையாது. இந்த விதி தெரியாததால், பிடித்தால் போட்டி போய்விடும் என்று பயந்து, முடியாமல் நீந்திக்கொண்டே இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லும்போதே எனக்கு மனது பதைக்கிறது. பொதுவாக எல்லோரையும் ஒன்றாக இறக்காமல் சில நொடி இடைவெளியில் சிலர் சிலராக விடுவார்கள், முதல் முறை போகிறவர் பின்வரிசையில் நில்லுங்கள், உங்கள் நேரம், கணுக்காலில் கட்டிய நேரம் பதிகிற சிப் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் தொடங்குகிறது. அனுமதித்தால் பத்து நிமிடம் முன்பே தண்ணீரில் இறங்கி உடம்பைப் பழக்குங்கள்.

இன்னொன்று இருக்கிறது, அது பயம் அல்ல. நீந்தும்போது தண்ணீரின் அழுத்தத்தால் கை கால்களின் இரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது, நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. கடல் தண்ணீரைக் குடிக்காமலேயே நுரையீரல் நனைந்துவிடும். மூச்சு வாங்கும், இருமல் வரும், நெஞ்சில் களகளவென்று சத்தம், சிலருக்கு இளஞ்சிவப்பு நுரை. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், இறங்குவதற்கு முன் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். குளிர்ந்த நீரில் கூடுதல் என்றாலும் வெதுவெதுப்பான கடலிலும் வரும். வேகம் குறைத்தும் இருமல் நிற்கவில்லை என்றால் அன்றைய போட்டி முடிந்தது, வெளியே வந்து நிமிர்ந்து உட்கார்ந்து ஆக்சிஜன் கேளுங்கள். ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வரலாம், இதய மருத்துவரைப் பார்க்காமல் மறுபடி கடலில் இறங்காதீர்கள்.

கடல் பயிற்சியை எங்கே, எப்போது செய்வது? மெரினா வேண்டவே வேண்டாம், அங்கே உள்ளிழுக்கிற நீரோட்டம் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோவளம் மாதிரி இடத்தில், கடல் தெரிந்த ஒருவரின் படகோ கயாக்கோ கூட வர, நாலைந்து பேராக, பளிச்சென்ற தொப்பியும் இடுப்பில் கட்டிய மிதவையுமாக இறங்குங்கள். இறங்கும் முன் அங்கிருக்கிற மீனவரிடம் வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேளுங்கள், நீரோட்டத்தைத்தான் அவர்கள் வெள்ளம் என்பார்கள். அவர் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம், வாதாடாதீர்கள். இழுக்கிற நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள்.

கோவா போட்டி அக்டோபர், நவம்பர் வாக்கில் வருகிறது, சரியாக அப்போதுதான் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கி வங்கக் கடல் கொந்தளிக்கும். கடைசி மாதத்தில் கடலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் பார்க்கவே முடியாது. பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்குங்கள், குறைந்தது பத்துப் பன்னிரண்டு முறை. முதலில் கரைக்கு இணையாக 300 மீட்டர் போதும், ஏழெட்டு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி, முன்னால் வழி காட்டுகிற மிதவையைப் பார்க்கப் பழகுங்கள். பார்க்காமல் போகிறவர் கோணல்மாணலாக நீந்தி 1.9-ஐ 2.3 ஆக்கிவிடுவார்.

சைக்கிள், ஓட்டம் பற்றிச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் மருந்துக்காரன் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன். போட்டி அன்று காலை முட்டி வலிக்கு என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போடாதீர்கள், வியர்த்துக் காய்ந்த உடம்பில் அது சிறுநீரகத்தை அடிக்கும். தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புவரை போகும். பயிற்சியில் ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், உங்கள் வியர்வை எவ்வளவு என்று தெரியும். போட்டி முடிவில் எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். அந்த வாரத்தில் காய்ச்சல் வந்தால் போகாதீர்கள், வைரஸ் காய்ச்சல் இதயத் தசையையும் தொட்டிருக்கலாம், கட்டிய பணம் போனால் போகட்டும். ஓட்டத்தில் பக்கத்தில் வருகிறவர் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெப்பத் தாக்கு, ஆம்புலன்சுக்காகக் காத்திராமல் அங்கேயே ஐஸ் தண்ணீரை ஊற்றுங்கள்.

ஆகஸ்டில் வந்தவர் அந்த வருடம் போகவில்லை. மாத்திரை எடுக்கிறார், அழுத்தம் 124/80-க்கு வந்தது, பிப்ரவரியிலிருந்து சனிக்கிழமைகளில் கோவளத்தில் நீந்துகிறார். முதல் நாள் நூறு மீட்டரில் திரும்பிவிட்டதாகவும், மல்லாந்து படுத்தபோதுதான் வானம் தெரிந்தது என்றும் சொன்னார். போன வாரம் மறுபடி சான்றிதழோடு வந்தார், கையெழுத்துப் போட்டேன். போட்டி எண் அச்சிட்ட அட்டையின் பின்பக்கத்தில் எழுதுவதற்காக, தான் எடுக்கிற மாத்திரையின் பெயரையும் மனைவியின் போன் நம்பரையும் என் மேசையிலேயே ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டார், அட்டை கையில் கிடைத்ததும் முதல் வேலையாக அதை எழுத வேண்டும் என்று.