கறுப்புக் கட்டத்துக்குள் படம் வரைவது யார்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கேமரா பெட்டியின் முகவரியைக் கணினியில் தட்டினால் பொத்தான்கள் எல்லாம் வருகின்றன. படம் வர வேண்டிய இடத்தில் மட்டும் கறுப்புக் கட்டம். பிளக்-இன்னை நிறுவச் சொல்கிறது. நிறுவினால் மறுபடியும் அதையே சொல்கிறது. பெட்டியை மாற்ற வேண்டுமா?"

வேண்டாம். பொத்தான்கள் வருகின்றன என்றால் கம்பியும் சரி, கடவுச்சொல்லும் சரி. கோளாறு உலாவிக்கும் (பிரவுசர்), அதோடு ஒட்டிக்கொண்டு ஓடும் துணை நிரலான பிளக்-இன்னுக்கும் நடுவில்.

அந்தக் காலத்து உலாவிகளுக்கு எழுத்தும் படமும் காட்டத் தெரியும், வீடியோ தெரியாது. அதற்காக வந்த ஏற்பாடுகளில் ஒன்று மைக்ரோசாஃப்ட் 1996இல் கொண்டுவந்த ஆக்டிவ்எக்ஸ். கேமரா வீடியோவைப் பதிவுசெய்யும் பழைய டி.வி.ஆர். பெட்டிகள் பலவும் நம்பியிருப்பது இதைத்தான்.

இது வேலை செய்யும் விதம் வெகு சுவாரசியம். பெட்டி அனுப்பும் பக்கத்தில் வீடியோவே கிடையாது; 32 பதினறும இலக்கங்கள் (0 முதல் 9, A முதல் F) கொண்ட ஓர் அடையாள எண் மட்டும் இருக்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அந்த எண்ணை விண்டோஸ் ரிஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் தேடும். அங்கே எண்ணுக்கு எதிரே பிளக்-இன் கோப்பின் பெயர் இருக்கும். அந்தக் கோப்பைத் தன் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றி ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு செவ்வகத்தை அளந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன்பின் செவ்வகத்துக்குள் நடப்பது உலாவிக்கே தெரியாது. பிளக்-இன் தானாகப் பெட்டியோடு தனித் தொடர்பு வைத்து, சுருக்கப்பட்ட வீடியோவை வாங்கி, விரித்து, நேராகத் திரையில் வரையும். அந்நாளில் பக்கத்தின் மேலே உள்ள பட்டியலைத் திறந்தால் அது வீடியோவுக்கு அடியில் போய் மறைந்துகொள்ளும், நினைவிருக்கிறதா? ஒரே ஜன்னலில் இரண்டு பேர் தனித்தனியாக வரைந்ததன் விளைவு அது.

ஆபத்தும் இங்கேதான். உலாவியின் நினைவகத்துக்குள் ஓடும் அந்நிய நிரல் விழுந்தால் உலாவியும் சேர்ந்து விழும். அதில் ஓட்டை இருந்தால் கணினியே திறந்துகிடக்கும். திருட்டைத் தடுக்க வாங்கிய கேமராவுக்காக இப்படியொரு கொல்லைப்புற வாசலா என்று எனக்கு எப்போதும் எரிச்சல் வரும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஆக்டிவ்எக்ஸைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அவற்றில் இருந்த வேறு வகைப் பிளக்-இன் ஏற்பாட்டையும் குரோம் 2015இல் கைவிட்டது. வீடியோ காட்டும் வேலையை உலாவிகளே கற்றுக்கொண்டுவிட்டன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று விடைகொடுத்தது.

ஆக, வாசகர் நிறுவிய கோப்பு வட்டில் பத்திரமாகவே இருக்கிறது. குரோம் போன்ற இன்றைய உலாவிகளில் அந்த எண்ணைத் தேடுவதற்குத்தான் ஆள் இல்லை. ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குச் சந்தனம் வைப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. பிளக்-இன்னை நீக்கி நீக்கி நிறுவுவதுதான் சுத்தமான மூடநம்பிக்கை. அதற்குக் கூலி வாங்கும் டெக்னீஷியன்களும் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: எட்ஜ் உலாவியின் அமைப்புகளில் 'டிஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போய், தளங்களை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் முறையில் திறக்க அனுமதியுங்கள். எட்ஜை மூடித் திறந்து, அதே பகுதியில் அந்த முறைக்கான பக்கங்களின் பட்டியலில் பெட்டியின் முகவரியைச் சேர்த்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். 2029 வரையாவது இந்த வசதி இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இந்த அனுமதி 30 நாளில் காலாவதியாகும். மறுபடி கறுப்புக் கட்டம் வந்தால் பதறாமல் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பிளக்-இன் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 64 பிட் நிரலுக்குள் 32 பிட் கோப்பை ஏற்ற முடியாது.

என்னைக் கேட்டால், உலாவியையே விட்டுவிடலாம். பெரும்பாலான பெட்டிகள் ஆர்.டி.எஸ்.பி. என்ற பொது முறையிலும் வீடியோ தரும். வழக்கமாக 554ஆம் போர்ட் (பெட்டியில் இதற்கான வாசல் எண்). பெட்டியோடு வந்த கையேட்டில் அந்த முகவரி இருக்கும். அதை வி.எல்.சி. பிளேயரின் 'ஓபன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்' கட்டத்தில் ஒட்டினால், பிளக்-இன் இல்லாமலே கல்லாப்பெட்டி திரையில் தெரியும்.