பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் உள்ளே விடமாட்டேன்!

“பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போட்டேன். யூசர் புரொஃபைலை ஏற்ற முடியவில்லை என்று வெளியே தள்ளிவிட்டது. திரும்ப முயன்றபோது உள்ளே விட்டது, ஆனால் டெஸ்க்டாப் துடைத்துவிட்டது மாதிரி இருக்கிறது. பத்து வருடப் படங்கள் போய்விட்டனவா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அநேகமாக ஒன்றும் போயிருக்காது.

விண்டோஸில் உள்ளே நுழைவது இரண்டு கட்டமாக நடக்கிறது. பாஸ்வேர்டு சரியா என்று பார்ப்பது முதல் வேலை. வால்பேப்பர், ஐகான், மொழி என்று உங்கள் விருப்பங்களைக் கொண்டுவந்து விரிப்பது இரண்டாவது. புரொஃபைல் பற்றிப் புகார் வந்தாலே முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதனால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண்.

இரண்டாம் கட்டம் பெரிதும் ஒரே ஒரு கோப்பை நம்பியிருக்கிறது. சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டரில், உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் ‘என்டியூசர் டாட் டேட்’ என்று மறைந்திருக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உங்களுக்கே உரிய பகுதி அது. நுழையும்போது கோக்கப்படும், வெளியேறும்போது கழற்றப்படும். படங்களும் கடிதங்களும் பக்கத்து ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும்போதே இந்த ஒரு கோப்பு படுத்துக்கொண்டால் போதும், வீடே காலியானது போல் தோன்றும்.

ஏன் படுக்கிறது? அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது ஒரு முக்கியக் காரணம். எனக்கு மிகவும் பிடித்த சமாசாரமும் இங்கேதான் இருக்கிறது.

அந்தக் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளில் ‘ஆர், இ, ஜி, எஃப்’ என்ற நான்கு எழுத்துகள். அடுத்த நான்கு பைட்டில் ஓர் எண், அதற்கடுத்த நான்கில் இன்னோர் எண். சும்மா இருக்கும்போது இரண்டும் ஒன்றே. இரண்டும் 812 என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் கை வைப்பதற்கு முன் முதல் எண் 813 ஆகும். பிறகு மாற்றங்கள் எழுதப்படும். எல்லாம் டிஸ்க்கில் இறங்கிய பிறகே இரண்டாவது எண்ணும் 813 ஆகும். நடுவில் கரண்ட் போனால்? 813, 812 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும். அடுத்த முறை திறக்கும்போது இந்த எட்டு பைட்டைப் பார்த்தாலே, யாரோ பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘வேலை அறுந்துவிட்டது’ என்று குறித்துவைக்க அந்த நொடியில் மின்சாரமே கிடையாது. ஆனாலும் குறிப்பு இருக்கிறது. இரண்டாவது எண் எழுதப்படாமல் போனதுதான் அந்தக் குறிப்பு! கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் முதன்முறை இதைப் பார்த்த அன்று வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

அறுந்தது தெரிந்துவிட்டது, விட்டுப்போன மாற்றங்களுக்கு எங்கே போவது? சிட்டையில் குறித்துக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றும் கணக்குப்பிள்ளையின் பழக்கம்தான் இங்கேயும். மாற்றங்கள் முதலில் பக்கத்திலேயே இருக்கும் லாக் கோப்பில் எழுதப்படும், அப்புறம்தான் மூலக் கோப்பில். எண்கள் ஒட்டவில்லை என்றால் லாகைப் பார்த்து விண்டோஸ் மறுபடி எழுதிக்கொள்ளும். நமக்குத் தெரியாமலே பல தடவை இப்படித் தப்பித்திருப்போம்.

‘எழுதும்போது நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது?’ என்ற கேள்வியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் ஜிம் கிரே. தரவுத்தளம், பரிவர்த்தனை பற்றிய ஆய்வுகளுக்காக 1998-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வாங்கியவர். இன்றைக்கு இப்படி ஒரு தலைப்போடு நிதி கேட்டுப் போனால், பளபளப்பு போதாது என்று திருப்பி அனுப்புவார்கள் என்பது என் சந்தேகம்.

சரி, லாகும் கெட்டிருந்தால்? டிஸ்க்கில் அந்த இடமே பழுதாகியிருந்தால்? ஆன்டிவைரஸ் மாதிரி ஏதாவது ஒன்று அந்த நேரம் பார்த்துக் கோப்பைப் பிடித்துவைத்திருந்தால்? அப்போதுதான் விண்டோஸ் கைவிரிக்கும். கடைசிக் காரணமாக இருந்தால் ரீஸ்டார்ட் மந்திரம் பலிக்கும், பிடித்த கை விட்டுவிடுகிறதே. ஆனால் ‘ஃபார்மட் போட்டால்தான் சரியாகும்’ என்பது சுத்த மூடநம்பிக்கை. அந்த யோசனையால் அழிந்த படங்கள், வைரஸால் அழிந்தவற்றைவிட அதிகமாக இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

கைவிரித்த விண்டோஸ் சில சமயம் தற்காலிகப் புரொஃபைல் ஒன்றைக் கொடுத்து உள்ளே விடும். வாசகர் பார்த்த வெறும் டெஸ்க்டாப் அதுதான். வெளியேறும்போது அது அழிக்கப்படும். அங்கே எதையும் சேமிக்காதீர்கள். அரைக் கட்டுரையைச் சேமித்துவிட்டு லாக்-அவுட் செய்தவன் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு உங்கள் பெயர் பெரிய விஷயமில்லை. எஸ்-1-5-21 என்று ஆரம்பித்து, நீளமான எண்கள் மூன்றைத் தாண்டி, 1001 என்பது போல முடியும் அடையாள எண்தான் நீங்கள். ரெஜிஸ்ட்ரியில் ‘புரொஃபைல்லிஸ்ட்’ என்ற இடத்தில், இந்த எண்ணுக்கு இந்த ஃபோல்டர் என்று பட்டியல் உண்டு. புரொஃபைல் ஏறாதபோது விண்டோஸ் உங்கள் பழைய பதிவின் வாலில் ‘டாட் பேக்’ என்று ஒட்டி ஓரங்கட்டிவிட்டு, அதே எண்ணில் தற்காலிகப் பதிவு ஒன்றைப் போடும்.

வேறொரு அட்மின் கணக்கு இருந்தால் அதில் நுழையுங்கள். இல்லையென்றால் லாகின் திரையில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வரை போய், 4-ஐ அழுத்தினால், அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோட். வழியில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் தன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம், தயாராக வைத்திருங்கள். ரெஜிஸ்ட்ரியை முதலில் நகலெடுத்துக்கொண்டு ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் அந்தப் பட்டியலைத் திறந்தால், ஒரே எண் இரண்டு முறை இருக்கும். வாலில்லாத பதிவுக்கு வேறு பெயர் வையுங்கள். மற்றதில் ‘டாட் பேக்’ வாலை வெட்டுங்கள். அதற்குள் ‘ஸ்டேட்’, ‘ரெஃப்கவுன்ட்’ இருந்தால் இரண்டையும் 0 ஆக்கி ரீஸ்டார்ட். கோப்பு நன்றாக இருந்தால் பழைய டெஸ்க்டாப் திரும்பிவிடும்.

கோப்பே கெட்டிருந்தால் புதுக் கணக்கு ஒன்று தொடங்கிப் படங்களையும் ஆவணங்களையும் அதற்குள் நகலெடுக்க வேண்டியதுதான். என்டியூசர் என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் தொடாதீர்கள், நோயும் கூடவே வந்துவிடும். பழைய ஃபோல்டரைத் திறக்கும்போது ‘அனுமதி இல்லை’ என்று வரும். உங்கள் பெயர் அதே என்றாலும் எண் புதிதாயிற்றே! அட்மினாக இருந்து தொடரச் சொன்னால் திறக்கும். குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களில் சேமித்த பாஸ்வேர்டுகள் மட்டும் கூடவே வராது. பழைய கணக்கோடு பிணைந்த சாவியால் பூட்டப்பட்டவை அவை.